பாக் வாழ்ந்த ஊர்களுக்குப் போகிறீர்களா? முதலில் வெள்ளியையும் சனியையும் குறித்துக்கொள்ளுங்கள்

யோஹான் செபாஸ்டியன் பாக்கின் இசையில் மனம் பறிகொடுத்து, அவர் வாழ்ந்த ஊர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தகவல் கிடைக்காமல் இல்லை. ஆனால் தேவாலயத்துக்கு ஒரு தளம், அருங்காட்சியகத்துக்கு ஒரு தளம், ரயிலுக்கு ஒன்று, விசாவுக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது. அதில் பாதி ஜெர்மன் மொழியில் மட்டும். ஜெர்மன் தெரியாமல் இதையெல்லாம் சேர்த்துக் கோப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

பாக் 1685இல் ஐசனாக்கில் பிறந்து 1750இல் லைப்சிக்கில் இறந்தார். நடுவில் வேலை பார்த்த ஊர்கள் எல்லாம் இன்றைய ஜெர்மனிக்குள்தான், பெரும்பாலும் துரிங்கியா, சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட் என்ற மூன்று மாநிலங்களில். அதனால் ஒரே பயணத்தில் முக்கியமான இடங்களைப் பார்த்துவிடலாம். ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: அவர் குடியிருந்த வீடுகளில் அனேகமாக எதுவும் இன்று இல்லை. லைப்சிக்கில் 27 ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்த தோமஸ் பள்ளிக் கட்டடத்தை 1902இல் இடித்துவிட்டார்கள். வைமார் வீடும் இல்லை. மிச்சம் இருப்பவை தேவாலயங்கள், சில ஆர்கன்கள், அவர் நடத்திய சிறுவர் பாடகர் குழு. ஆகவே அந்த இடங்களில் இசை ஒலிக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பயணத் திட்டம் முழுவதும் அதைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

1. விமான டிக்கெட்டுக்கு முன்னால் நாட்காட்டி

லைப்சிக் தோமஸ் தேவாலயத்தில் தோமானர் பாடகர் குழு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கும் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கும் பாடும். இதற்கு 'மோட்டெட்' என்று பெயர். 1212இல் தொடங்கிய குழு அது. 1723 முதல் சாகும்வரை பாக் அதன் இசைத் தலைவராக இருந்தார். சனிக்கிழமை நிகழ்ச்சியில் பெரும்பாலும் அவருடைய கான்டாட்டா (தனிப்பாட்டும் கூட்டுப்பாட்டும் கோத்த வழிபாட்டு இசை) ஒன்று முழுதாக, ஆர்கெஸ்ட்ராவோடு இடம்பெறும். கான்டாட்டாக்களை அவர் எழுதியதே இப்படி வாரந்தோறும் தேவாலயத்தில் பாடுவதற்குத்தான். அதே இடத்தில், அதே குழுவின் இன்றைய பிள்ளைகள் பாடக் கேட்பது ஒலித்தட்டில் கிடைக்காத அனுபவம்.

சுற்றுலா நிறுவனங்களின் தொகுப்புப் பயணங்களில் லைப்சிக் பல சமயம் செவ்வாய், புதன் என்று வந்து விழுகிறது. வெறும் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உங்கள் லைப்சிக் நாட்கள் வியாழன் இரவு முதல் ஞாயிறு வரை இருக்கட்டும்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது பள்ளி விடுமுறை. தோமானர்கள் பள்ளிச் சிறுவர்கள். சாக்சனி மாநில விடுமுறைகளில், முக்கியமாக கோடையின் ஆறு வாரங்களில், அவர்கள் பாட மாட்டார்கள். வெளிக் குழுக்கள் வந்து பாடும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் தேடி வந்தது அது இல்லை. விடுமுறைத் தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் சாக்சனிக்கான பட்டியலையே பாருங்கள். இரண்டாவது, குழு கச்சேரிப் பயணம் போகும் வாரங்கள். தேவாலயத்தின் தளத்தில் ஒவ்வொரு மோட்டெட்டுக்கும் யார் பாடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்று முன்கூட்டியே போடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகே விமானத்துக்குப் பணம் கட்டுங்கள்.

எந்த மாதம் நல்லது? என்னைக் கேட்டால் மே அல்லது செப்டம்பர். குழு ஊரில் இருக்கும், கூட்டம் அளவாக இருக்கும், சிற்றூர்த் தேவாலயங்களும் திறந்திருக்கும். ஜூனில் பாக் விழா நடக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். புனித வெள்ளியை ஒட்டி மத்தேயு அல்லது யோவான் பாடுகளின் இசையும் (அந்த நற்செய்தியின்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பெரிய படைப்பு), டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவும் தோமஸ் தேவாலயத்தில் உண்டு. இவற்றுக்குத் தனி டிக்கெட், சீக்கிரம் தீர்ந்துவிடும். குளிர் தாங்குமென்றால் டிசம்பர் மிக நல்ல தேர்வு.

2. ஊர்களைக் குறையுங்கள்

பாக் வாழ்ந்த ஊர்கள் எல்லாவற்றையும் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை வரும். வேண்டாம். லூனபர்க்கும், புக்ஸ்டஹூட என்ற மூத்த ஆர்கன் கலைஞர் வாசிப்பதைக் கேட்க 20 வயதில் அவர் 400 கிலோமீட்டர் நடந்தே போன லூபெக்கும் வடக்கே ரொம்ப தூரம். முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். பெற்றோரை இழந்த பிறகு அண்ணன் வீட்டில் வளர்ந்த ஓர்ட்ரூஃபுக்கு இப்போது பயணிகள் ரயிலே கிடையாது. கோத்தாவிலிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும்.

ஒரு வாரம் மட்டும் இருந்தால் ஐசனாக், ஆர்ன்ஷ்டாட், லைப்சிக் மூன்றும் போதும். இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்தால் மூல்ஹவுசன், வைமார், நவும்பர்க், கோதன் ஆகியவற்றில் இரண்டைச் சேர்க்கலாம்.

பயண வரிசை அவருடைய வாழ்க்கை வரிசையாகவே அமைந்துவிடுவது ஒரு வசதி. ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி லைப்சிக் போகும் விரைவு ரயில் பாதையிலேயே ஐசனாக்கும் ஏர்ஃபுர்ட்டும் இருக்கின்றன. பிறந்த ஊரில் தொடங்கி, கல்லறை இருக்கும் ஊரில் முடிக்கலாம். வார இறுதியில் ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கினால், வாரத்தின் முதல் பாதி துரிங்கியா, வியாழன் மாலை லைப்சிக் என்று தானாகவே பொருந்தும்.

3. விசா: ஆவணங்களும் காலமும்

சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 180 நாளில் 90 நாள்வரை ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) இல்லாமல் போகலாம். அவர்கள் நேரே நான்காம் படிக்குப் போய்விடுங்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்த 15 நாளை நம்பி உட்காராதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கல் இருந்தால் 45 நாள்வரை உண்டு. அதற்கும் முன்னால், விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கோடைக்கு முந்தைய மாதங்களில் பெரும்பாடு. மூன்று மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குள் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

கொண்டுபோக வேண்டியவை: கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்ட, ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ள பாஸ்போர்ட், நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம், புகைப்படம், போக வர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாள், வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு.

இவற்றில் காப்பீடும் தங்குமிடமும்தான் தொல்லை தருபவை. காப்பீடு ஷெங்கன் பகுதிக்குள் இருக்கும் எல்லா நாளையும் மூட வேண்டும். விமானம் இரவில் கிளம்பி மறுநாள் இறங்குகிறதென்றால் இரண்டு தேதிகளையும் சேர்த்து எடுங்கள். நான் பதிவு செய்திருந்த ஒரு தங்கும் விடுதி, விசா முடிவுக்குக் காத்திருந்த சமயத்தில் முன்பதிவைத் தானே ரத்து செய்துவிட்டது. உடனே வேறிடம் பிடித்து, அந்தத் தாளை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியதாயிற்று. அதனால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவாகவே எடுங்கள்; மின்னஞ்சலையும் தினம் ஒருமுறை பாருங்கள்.

முகப்புக் கடிதத்தில் பயண நோக்கத்தைத் தயங்காமல் எழுதுங்கள். "பாக் வாழ்ந்த ஊர்களைப் பார்க்க, இன்ன தேதியில் தோமஸ் தேவாலயத்தில் இன்ன நிகழ்ச்சியைக் கேட்க" என்று நாள்வாரியாக எழுதி, கச்சேரி டிக்கெட் வாங்கியிருந்தால் அதையும் இணையுங்கள். தெளிவான காரணம் இருக்கும் கடிதம் எப்போதும் நல்லது. பாரிஸ், ரோம் என்று வேறு நாடுகளையும் சேர்ப்பதானால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். ஜெர்மனி அந்த வழியை 2025 ஜூலையோடு நிறுத்திவிட்டது. குறையைச் சரிசெய்து, மறுபடி பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் நீதிமன்றம். ஆகவே முதல் தடவையிலேயே கோப்பு குறையில்லாமல் இருக்கட்டும்.

4. இசைக்கான டிக்கெட்

வாராந்திர மோட்டெட்டுக்கு முன்பதிவு கிடையாது. வாசலில் சில யூரோ கொடுத்து நிகழ்ச்சித் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். சில்லறை நாணயங்களாக வைத்திருங்கள். கதவு திறப்பது சுமார் 45 நிமிடம் முன்பு. சனிக்கிழமை வரிசை நீளம் என்பதால், ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பது நல்லது.

ஜூனில் பாக் விழா நடக்கும் பத்துப் பதினொரு நாளும் லைப்சிக் வேறு ஊராகிவிடும். உலகம் முழுவதிலிருந்தும் குழுக்கள் வரும், கடைசி நாள் தோமஸ் தேவாலயத்தில் பாக்கின் பெரிய வழிபாட்டு இசையான பி மைனர் மாஸ். இதற்கான டிக்கெட் விற்பனை முந்தைய ஆண்டே தொடங்கிவிடும். நல்ல இருக்கை நூறு யூரோவைத் தாண்டும். ஆனால் அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. தோமஸ் தேவாலயத்தில் பாடகர்கள் நிற்பது மேற்குப் பக்க மாடத்தில், உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், உயரத்தில். கீழே நடுவில் விலை கொடுத்து உட்கார்ந்தவர்களும் பலிபீடத்தைப் பார்த்தபடிதான் கேட்கிறார்கள். 'கேட்கும் இடம்' என்ற பெயரில் விற்கும் மலிவான இருக்கை தாராளமாகப் போதும். பார்க்கவும் வேண்டுமென்றால் பக்க மாடங்களில் தேடுங்கள். சந்தைச் சதுக்கத்தில் திறந்தவெளி மேடை நிகழ்ச்சிகள் இலவசம்.

விழாவுக்குப் போகிறவர்கள் அறையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: பெந்தெகொஸ்தே வார இறுதியில் லைப்சிக்கில் மிகப் பெரிய காதிக் இசைத் திருவிழா நடக்கும். ஊர் முழுக்கக் கறுப்பு உடை. மார்ச்சில் புத்தகக் கண்காட்சி. இந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும். மே, ஜூன், மார்ச் தேதிகளைத் தேர்ந்தெடுக்கும் முன் இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ரயில்: எந்தச் சீட்டு

விமான நிலையத்திலிருந்து ஐசனாக் போக விரைவு ரயில் வேண்டும். சலுகை விலைச் சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் தாமதமானால் சீட்டு வீண். விமான நிறுவனமே விற்கும் ரயில் இணைப்புச் சீட்டு கிடைத்தால் அதை எடுங்கள், எந்த ரயிலிலும் ஏறலாம். கிடைக்காவிட்டால் இறங்கியபின் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஊர்களுக்கு இடையே வட்டார ரயில்களே போதும். அதற்கு இரண்டு வழிகள். மாதச் சீட்டான 'டாய்ச்லண்ட் டிக்கெட்' 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுவதும் வட்டார ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும். விரைவு ரயிலுக்குச் செல்லாது. இது சந்தா என்பதை மறக்காதீர்கள். நீங்கள் நிறுத்தும்வரை மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் மாதக் கடைசியில் நிற்கும். வாங்கிய கையோடு ரத்தும் செய்துவிடுங்கள், அந்த மாதம் முழுக்கப் பயன்படுத்தலாம். நாட்காட்டி மாதம்தான் கணக்கு என்பதால், 25ஆம் தேதி போய் அடுத்த மாதம் 4ஆம் தேதி திரும்புகிறவருக்கு இது லாபமில்லை.

அவர்களுக்கும், நாலைந்து பேராகப் போகிறவர்களுக்கும் மாநில ஒருநாள் சீட்டு. சாக்சனிச் சீட்டு என்று வாங்கினாலும் துரிங்கியா, சாக்சனி-அன்ஹால்ட் மாநிலங்களிலும் செல்லும். முதல் ஆளுக்கு 30 யூரோவை ஒட்டி, கூட வருகிறவர் ஒவ்வொருவருக்கும் 10 யூரோவுக்குள், ஐந்து பேர்வரை. வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் ஏறலாம்.

6. ஐசனாக்

பாக் இல்லம் என்ற அருங்காட்சியகம் 1907 முதல் இருக்கிறது. அவர் பிறந்தது இந்த வீட்டில்தான் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது சரியில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் ஏமாந்துபோக வேண்டாம், பார்க்க வேண்டிய இடம்தான். திங்கள் உட்பட தினமும் திறந்திருக்கும், அதனால் மற்ற ஊர்களின் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் திங்களை இதற்கு ஒதுக்குங்கள். நுழைவு 15 யூரோவுக்குள். மணிக்கொருமுறை பழங்காலக் கருவிகளை வாசித்துக் காட்டுகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கிளாவிகார்டு என்ற பழைய விசைப்பலகைக் கருவியின் சத்தம் எவ்வளவு சன்னமானது என்பது நேரில் கேட்டால்தான் புரியும்; பாக் வீட்டில் பயிற்சி செய்த உலகம் அந்த அளவு சத்தம்தான். முன்வரிசையில் உட்காருங்கள்.

புனித ஜார்ஜ் தேவாலயத்தில், 1685 மார்ச் 23 அன்று அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கல்தொட்டி அப்படியே இருக்கிறது. கட்டணம் இல்லை, பத்து நிமிடம் போதும். ஆனால் விட்டுவிடாதீர்கள்.

7. ஆர்ன்ஷ்டாட்டும் சுற்றுப்புறமும்

துரிங்கியாவில் ஏர்ஃபுர்ட்டில் தங்குங்கள். ஆர்ன்ஷ்டாட் 20 நிமிடம், வைமார் 15 நிமிடம், மூல்ஹவுசன் சுமார் ஒரு மணி நேரம். பாக்கின் பெற்றோர் 1668இல் மணம் முடித்த வணிகர் தேவாலயமும் ஏர்ஃபுர்ட்டில்தான் இருக்கிறது.

1703இல், 18 வயதில், பாக்குக்குக் கிடைத்த முதல் நிலையான ஆர்கன் பணி ஆர்ன்ஷ்டாட்டில். இப்போது அது பாக் தேவாலயம் என்றே அழைக்கப்படுகிறது. அங்கே இருக்கும், வெண்டர் என்பவர் செய்த ஆர்கனைப் பழைய அமைப்புக்கே மீட்டெடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் விரல் பட்ட அசல் விசைப்பலகை மேசை மட்டும் தேவாலயத்தில் இல்லை, சற்றுத் தள்ளி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலர் இது தெரியாமல் தேவாலயத்தோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தேவாலயம் திறந்திருக்கும் நேரம் குறைவு. முந்தைய வாரமே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

லூபெக் கதை தொடங்குவதும் இங்கேதான். நாலு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு போனவர் நாலு மாதம் கழித்து வந்தார். திரும்பியபின் அவர் வாசித்ததைக் கேட்டுச் சபையார் குழம்பிப்போனார்கள் என்று தேவாலய நிர்வாகம் அவரைக் கண்டித்ததும் பதிவாகியிருக்கிறது. 2025 நவம்பரில் பாக்கின் படைப்புகள் என்று புதிதாக உறுதி செய்யப்பட்டு பட்டியலில் சேர்ந்த இரண்டு ஆர்கன் துண்டுகளும் இந்த இளமைக் காலத்தோடு சேர்ந்தவை. பட்டியலில் 1178, 1179. ஆர்ன்ஷ்டாட் ரயிலில் காதில் போட்டுக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

நேரம் இருந்தால் பக்கத்துக் கிராமமான டோர்ன்ஹைம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1707 அக்டோபர் 17 அன்று மரியா பார்பராவை அவர் மணந்த சிறிய தேவாலயம் அங்கே. பூட்டியிருக்க வாய்ப்பு உண்டு என்பதை மனதில் வைத்துப் போங்கள்.

வைமாரில் பாக் தொடர்பாகக் கண்ணுக்குத் தெரிவது குறைவு. வேறு ஊருக்குப் பணி மாறிப் போக அனுமதி கேட்டு வற்புறுத்தியதற்காக 1717இல் நாலு வாரம் அவரைச் சிறையில் வைத்தது இந்த ஊர்ப் பிரபுதான். இரண்டு மணி நேரம் இறங்கிப் பார்த்தால் போதும்.

லைப்சிக் போகும் வழியில் நவும்பர்க்கில் இறங்குவதை மிகவும் சொல்வேன். புனித வென்செல் தேவாலயத்தில் இருக்கும், ஹில்டபிராண்ட் என்பவர் செய்த ஆர்கனை 1746இல் பாக் நேரில் வந்து சோதித்து ஏற்றுக்கொண்டார். கோடை மாதங்களில் வாரத்தில் சில நாட்கள் மதியம் 12 மணிக்கு அதை வாசிக்கிறார்கள். எந்தக் கிழமை என்று பார்த்து, அந்த நாளை லைப்சிக் போகும் நாளாக வைத்துவிடுங்கள். பெட்டிகளை நிலையத்தில் வைக்கக் காசுப் பெட்டகம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். தேவாலயம் நிலையத்திலிருந்து கொஞ்சம் தூரம்.

8. லைப்சிக்: மூன்று நாள்

வெள்ளி காலை பாக் அருங்காட்சியகம். தோமஸ் தேவாலயத்துக்கு எதிரே, பாக் குடும்பத்தின் அண்டை வீட்டுக்காரரான வணிகர் போஸின் வீட்டில் இருக்கிறது. நுழைவு 10 யூரோவை ஒட்டி, திங்கள் விடுமுறை. ஹவுஸ்மன் 1748இல் வரைந்த ஓவியம் இங்கே உண்டு. பாக்கின் முகம் என்று உலகம் அறிந்தது அதுதான். கருவூல அறையில் அசல் கையெழுத்துப் படிகள் இருக்கும். ஒளி பட்டால் கெடும் என்பதால் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த அறையில் அவசரப்படாமல் நில்லுங்கள். பாக்கின் கோடுகள் வளைந்து வளைந்து, இசை நகரும் விதமாகவே எழுதியிருப்பதை அச்சுப் பிரதியில் பார்க்கவே முடியாது.

கல்லறை தோமஸ் தேவாலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால், தரையில் பதித்த வெண்கலப் பலகையாக இருக்கிறது. அவரை முதலில் புதைத்தது ஊருக்கு வெளியே யோவான் தேவாலயக் கல்லறையில். 1894இல் தோண்டியெடுத்த எலும்புகள் அவருடையவை என்று கருதப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே கொண்டுவரப்பட்டன. ஒத்திகை நடக்கும் நேரத்தில் அந்தப் பகுதிக்கு விட மாட்டார்கள். வெள்ளி, சனி மதியங்களில் போகாமல் காலையிலேயே போங்கள்.

மோட்டெட் ஒரு வழிபாடு. ஜெபம் உண்டு, சிறு உரை உண்டு, எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டும் உண்டு. எந்த மதத்தவரும் வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். படம் எடுப்பதும் பதிவு செய்வதும் கூடாது. குளிர்காலத்தில் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்காரும்படிதான் உள்ளே இருக்கும். தமிழ் லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஓர் எதிர்பாராத மகிழ்ச்சி காத்திருக்கிறது. பாக் தன் கான்டாட்டாக்களில் எடுத்தாண்ட ஜெர்மன் கோரல் (சபையார் சேர்ந்து பாடும் லுத்தரன் பாட்டு) மெட்டுகளில் சில, தரங்கம்பாடி மிஷனரிகள் காலத்திலிருந்து தமிழ் ஞானப்பாட்டுகளாகப் பாடப்படுபவை. மெட்டு காதில் விழுந்ததும் தமிழ் வரிகள் தாமாக வந்து நிற்கும்.

சனி காலையில் நிக்கோலாய் தேவாலயம். யோவான் பாடுகளின் இசை 1724 ஏப்ரல் 7 அன்று முதலில் ஒலித்தது இங்கேதான், தோமஸ் தேவாலயத்தில் இல்லை. அதன்பின் நேரம் இருந்தால் கிராசி வளாகத்தில் உள்ள பல்கலைக்கழக இசைக்கருவி அருங்காட்சியகம். பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்டோஃபோரி 1726இல் செய்த பியானோ அங்கே இருக்கிறது. மதியம் 2 மணிக்குள் தோமஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள்.

ஞாயிறன்று காலை ஆராதனைக்குப் பிறகு ஹாலே போகலாம், ரயிலில் அரை மணி நேரம். இசையமைப்பாளர் ஹேண்டல் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அவரும் 1685இல் பிறந்தவர், இருவரும் சந்தித்ததே இல்லை. மிஷனரி சீகன்பால்கை தரங்கம்பாடிக்கு அனுப்பிய வட்டாரத்தின் மையமான ஃப்ராங்கே நிறுவனமும் அதே ஊரில், அதன் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. கோதன் இன்னும் சற்றுத் தள்ளி. பிராண்டன்பர்க் கச்சேரிகளை அர்ப்பணித்தது, 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' என்ற விசைப்பலகைத் தொகுப்பின் முதல் நூலை முடித்தது எல்லாம் கோதன் அரண்மனையில் வேலை பார்த்த 1717–1723 காலத்தில்தான். ஒரே நாளில் ஹாலே, கோதன் இரண்டையும் அடைக்காதீர்கள். கருவியிசை பிரியர்கள் கோதன், மற்றவர்கள் ஹாலே.

9. செலவு

நடுத்தர அறை ஓரிரவுக்கு 80 முதல் 120 யூரோ, இளைஞர் விடுதியில் ஒரு படுக்கை 25 முதல் 40. சில ஊர்களில் தங்கும் வரி தனியாக வரும். அருங்காட்சியகம், தேவாலயம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு வாரத்துக்கு 60 யூரோவைத் தாண்டுவது கடினம். இசைக்கு மோட்டெட்டோடு நின்றால் கிட்டத்தட்டச் செலவே இல்லை. அதாவது பணம் போகும் இடங்கள் விமானம், அறை, விசா மூன்றும்தான். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டுமானால் விழா நாட்களைத் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், லைப்சிக் ரயில் நிலையக் கடைகள் மட்டும் கை கொடுக்கும்.

10. கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

இதை எல்லாவற்றுக்கும் முதலாவதாகவே எழுதியிருக்கலாம். விசாவுக்குக் காத்திருக்கும் வாரங்களை இதற்குப் பயன்படுத்துங்கள். நெதர்லாந்து பாக் சொசைட்டி அவருடைய படைப்புகளை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கையெழுத்துப் படிகளின் ஒளிப்படங்கள் 'பாக் டிஜிட்டல்' தளத்தில் இலவசம்.

ஊருக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூல்ஹவுசனுக்கு 71ஆம் எண் கான்டாட்டா. 1708இல் நகர சபைக்காக எழுதி அச்சிலும் வந்தது. வைமாருக்கு 'ஆர்கன் சிறுநூல்'. கோதனுக்குத் தனி வயலினுக்கும் தனி செல்லோவுக்கும் எழுதியவை. லைப்சிக்குக்கு மத்தேயு பாடுகள், ஒரே மூச்சில் கேட்க முடியாவிட்டால் இரண்டு இரவாக. பெர்லினில் இசையமைப்பாளர் மெண்டல்சன் 1829இல் அதை மறுபடி அரங்கேற்றிய பிறகுதான் பொதுமக்கள் பாக்கிடம் திரும்பினார்கள். அவரே முயன்று எழுப்பிய பாக் நினைவுச்சின்னம், 1843இல் திறந்தது, தோமஸ் தேவாலயத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் நிற்கிறது. எல்லாரும் 1908இல் வைத்த பெரிய சிலையோடு படம் எடுத்துக்கொண்டு இதைத் தாண்டிப் போகிறார்கள்.

நீங்கள் போகப்போகும் சனிக்கிழமையின் கான்டாட்டா எண் தேவாலயத் தளத்தில் வந்ததும் அதன் பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைத் தேடிக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். வாசலில் தரும் தாளில் வரிகள் ஜெர்மனில்தான் இருக்கும். நிகழ்ச்சி நடக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்பதால் காகிதத்தில் அச்செடுத்தே கொண்டுபோங்கள்.